நெற்றி என்று நினைத்த துளை

கண்ணில்லாத ஹார்டு டிஸ்க் ஒன்று தன் எஜமானி குமுதவல்லியைக் கடைசியாக உயிரோடு அறிந்தது ஒரு புதன்கிழமை காலையில். மவுஸைப் பிடிக்கும் கையை வைத்துத்தான் அது ஆளைத் தெரிந்துகொள்ளும். அன்று அந்தக் கை ஒரு மாங்காய்க் கொடியை வரைந்து முடித்தது. "சாப்பிட்டு வந்துடறேன்" என்று குரல் கேட்டது. பிறகு அந்தக் கை வரவில்லை.

ஈரோட்டில், ரவிக்கைகளுக்கு இயந்திரத்தில் பூவேலை போட்டுத் தரும் கடை அது. அதற்கப்புறம் வந்தது அவள் கணவர் தணிகாசலத்தின் கை. கனமான கை, ஒரு முறை அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு முறை அழுத்தும். அவருக்கு வரையத் தெரியாது. அவள் வரைந்து வைத்த பூக்களைத் திறந்து தையல் இயந்திரத்துக்கு அனுப்புவார். அவ்வளவுதான். வருகிறவர்களும் "அக்கா போட்ட கொடியே போடுங்க" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பூக்கள் டிஸ்க்கின் வயிற்றைத் தவிர வேறெங்கும் இல்லை.

டிஸ்க்குக்கு வயதாயிற்று. சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தது.

"என்ன பெருசு, பல்லைக் கடிக்கறே?" என்றது அதே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த மின்விசிறி.

"பல்லு எங்கே இருக்கு எனக்கு? முட்டி தேஞ்சு போச்சு."

"தைலம் தடவச் சொல்லட்டுமா?"

"நீ தூசியைத் தள்ளாம இரு, போதும்."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷகிலா அதே தெருவில் கடை வைத்திருந்தாள். அவள் வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்கண்ணா. புதுசு ஒண்ணு பக்கத்துல மாட்டி, எல்லாத்தையும் அதுக்கு மாத்தீரலாம்."

"பூ ஒண்ணுகூட விடாம வந்துருமுங்களா?"

"இது நடுவுல நிக்காம இருந்தா வந்துருமுங்க."

புது டிஸ்க் வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, வயர் எடுத்துவர ஷகிலா தன் கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்குள் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் புதிதாக எதுவும் நுழைந்ததில்லை. கத்தரிக்கோல், இயந்திரம், நூல் வைக்கும் பீரோ, எல்லாவற்றுக்கும் குமுதவல்லி பொட்டு வைத்திருந்தாள். தணிகாசலம் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு புது டிஸ்க்கைக் கையில் எடுத்தார். நெற்றி எது என்று தேடினார். பளபளப்பான மூடியில், ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில், சிறிய துளை ஒன்று தெரிந்தது. சரி, இதுதான் நடு நெற்றி என்று அதன் மேலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார்.

திரும்பி வந்த ஷகிலா பொட்டைப் பார்த்தாள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அவளும் யோசிக்கவில்லை.

"மாப்பிள்ளை ஜோரா இருக்கறாருங்கண்ணா!"

புதியதை மாட்ட, கம்ப்யூட்டரை ஒரு முறை நிறுத்தியாக வேண்டும். "நின்னா எந்திரிப்பனா தெரியலை" என்றது பழைய டிஸ்க்.

"நான் தள்ளி விடறேன், பயப்படாதே" என்றது மின்சாரம் தரும் பவர் சப்ளை.

மின்சாரம் நின்றது. ஷகிலா புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் இருந்த தட்டில் செருகி, திருகாணிகளை முடுக்கி, வயர்களைப் பொருத்தினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். பழைய டிஸ்க் ஒரு முறை முனகியது, நின்றது. மறுபடி முனகியது. மூன்றாம் முறை சுற்ற ஆரம்பித்தது.

"அண்ணா, எந்திரிச்சிருச்சு. இன்னொரு தடவை நின்னா எந்திரிக்காதுங்க. இனி நிறுத்தவே கூடாது."

பழையது கொடுக்கத் தொடங்கியது. புதியது சலிப்போடு வாங்கிக்கொண்டது.

"இது மல்லிகை. இதை வரையறப்ப அவளுக்குக் காய்ச்சல்" என்றது பழையது.

"காய்ச்சல் எல்லாம் எனக்கு எதுக்குங்க? நம்பரை மட்டும் கொடுங்க, வேகமா முடிப்போம்."

பாதி போயிருக்கும். புதியது தடுமாறியது. சூடேறிய உள்காற்று வெளியே போக வழி தேடியது, வழி இல்லை.

"ஐயா... மூச்சு முட்டுது. கொஞ்சம் நிறுத்துங்க."

"நீ வேணா நில்லு. நான் நிக்க முடியாது. நின்னா அவ பாதிதான் வருவா."

திரையில் எண்கள் அசையாமல் நின்றன. ஷகிலா குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். அவள் பார்வை பொட்டில் நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா! மூக்குல போய்ப் பொட்டு வெச்சிருக்கறீங்களே! அது மூச்சு விடற ஓட்டைங்க."

"நெத்தின்னு நெனச்சேனுங்கம்மா." தணிகாசலத்தின் முகம் வெளுத்துவிட்டது. "போச்சுங்களா?"

"நானும்தான் பார்த்துட்டுச் சிரிச்சுட்டேன். இருங்க, பதறாதீங்க."

பழையது சுற்றிக்கொண்டே இருக்க, புதியதன் வயர்களை மட்டும் உருவி, திருகாணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தாள். பெட்டிக்குள் பழையது தனியாக இருந்தது. அதன் சுழற்சி தளர்ந்தது.

"பெருசு, தூங்கறியா?" என்றது மின்விசிறி.

"கண்ணைச் சுத்துது."

"கண்ணே இல்லாதவனுக்குக் கண்ணைச் சுத்துதாம்! கேளுங்க பவர் சப்ளை அண்ணே, இந்தக் கிழவன் பேச்சை."

பழையதற்குச் சிரிப்பு வந்தது. "போடா காத்தாடி."

"திட்டு. திட்டிக்கிட்டே சுத்து. நான் இன்னிக்கு முழுசும் உன்னை விடப் போறதில்லை." என்றைக்கும் இல்லாத வேகத்தில் அது காற்றை அடித்தது.

வெளியே ஷகிலா ஈரப் பஞ்சால் சந்தனத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். தணிகாசலம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களாவது மூச்சு விடுங்கண்ணா" என்றாள்.

புதியது மறுபடி தட்டுக்குள் வந்தது. வந்ததும் அது பழையதைப் பார்த்துக் கேட்டது: "மல்லிகைக்கு அப்புறம் அந்தக் காய்ச்சல் விட்டுதுங்களா?"

"ரெண்டே நாள்ல விட்டுது. எந்திரிச்சு உட்கார்ந்து தாமரை போட்டா. இந்தா, பிடி."

மதியச் சாப்பாட்டு வேளைக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. கடைசியாக வந்தது மாங்காய்க் கொடி. ஷகிலா அதைத் திரையில் திறந்து காட்டினாள். ஓர் இலைகூடக் குறையவில்லை.

"பழசை நிறுத்தீரட்டுங்களா?"

தணிகாசலம் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே கரகரப்பு தெரிந்தது.

"நிறுத்துங்கம்மா. பாவம், நெறைய ஓடிருச்சு."

கரகரப்பு நின்றது. மின்விசிறி புதியதன் பக்கம் திரும்பி, "உனக்கு நான் என்ன பேர் வைக்கறது?" என்றது.

அன்று மாலை ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் அந்தக் கொடி ஏறியது. குமுதவல்லி ஆயுள் முழுக்க வரைந்ததெல்லாம் புது டிஸ்க்கில் ஓர் ஓரத்தில் அடங்கிவிட்டது. மற்ற இடம் காலியாக இருக்கிறது.