எச்சில் ஜாடியும் முதற்கொடியும்

பிரான்சு நாட்டில் மொன்வலேர் என்றொரு திராட்சைத் தோட்டம். அங்கே பெரிய மனிதர்கள் துப்பிய ஜாடிகளைக் கழுவிப் பிழைத்தவர் காரைக்கால் சிவனடியார் மாசிலாமணியார். ஒயின் ருசி அறிந்தவர்கள் அதை விழுங்க மாட்டார்கள். வாயில் வைத்துக் கொப்பளித்து, விட்டத்தைப் பார்த்து, "மழையில் நனைந்த செருப்புத் தோல்" என்று ஏதாவது சொல்லிவிட்டுத் துப்புவார்கள். ஒயினின் தரம் உயர உயர, துப்புவதிலும் மரியாதை கூடும். அடியாரோ ஒரு சொட்டும் தொட்டதில்லை.

தோட்டத்து முகப்பில் ஒரு கிழட்டுக் கொடி நின்றது. குடும்பத்தின் ஆதிப் பாட்டனார் நட்ட முதற்கொடி என்பார்கள். கிளை கழித்த குளிர்காலத்தில் அது உருண்டு திரண்டு இடுப்புயரம் நின்ற கோலம் அடியாருக்கு ஈசனாகவே பட்டது. அன்று முதல் விடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் அதற்குத்தான். பிறகுதான் எச்சில் ஜாடி.

"சாமிக்குக் குளிராதோ அண்ணை? ஒரு கம்பளி போர்த்து விடுங்கோவன்" என்பான் சமையற்கட்டு ஞானச்செல்வம், யாழ்ப்பாணத்துக்காரன். அடியார் சிரித்துக்கொள்வார்.

ஒவ்வோர் ஆண்டு அறுவடையிலும் ஒரு பாட்டிலை நிலவறையில் வரிசை முறியாமல் அடுக்குவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அந்த ஆண்டு முந்நூறாவது பாட்டில். முதலாளி முசே கஸ்தோன் வம்ச வரலாற்றைத் தாமே எழுதினார். அதில் பத்துத் தலைமுறையும் தன் கையாலேயே மண் கொத்தியது. கூலியாள் பெயர் ஒன்றுகூட அதில் வரவில்லை. உறைபனியிலிருந்து கொடிகளைக் காக்க நீர் தெளிக்கும் கருவி வாங்க வைத்திருந்த காசில் பாட்டனாருக்கு வெண்கலச் சிலையும் வார்த்தாகிவிட்டது.

"திங்கட்கிழமை அந்தக் கட்டையைப் பிடுங்கிடு, மசீ. சிலை அங்கேதான் நிற்கணும்." மாசிலாமணி என்ற பெயரில் அவர் நாவுக்கு எட்டியது அவ்வளவுதான்.

"முசே, அதை நட்டவரே உங்க பாட்டனார்தானே?"

"அதனாலதான் அவருக்கே அந்த இடம்!"

அடியாருக்குச் சோறு இறங்கவில்லை. ஜாடியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவார், கொடியைத் தடவுவார், திரும்புவார், மறுபடி ஓடுவார். "இத்தனை நாள் என் கைத்தண்ணியை வாங்கிக்கிட்டே. இப்ப அதே கையால உன்னைப் பிடுங்கச் சொல்றாங்க. நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்" என்று புலம்பினார். கொடி ஏழெட்டுத் துளிர் விட்டதே தவிர, வாய் திறக்கவில்லை.

திங்களும் வந்தது. கடைசி அபிஷேகத்தில் குறை வைக்கலாகாதென்று, இருள் பிரியும் முன்பே ஆயிரத்தெட்டுச் சொம்பு தொடங்கினார். அன்று பார்த்துக் கொடும் பனி இறங்கியது. ஊற்றிய நீர் துளிர்களின் மேல் கண்ணாடியாய் உறைந்தது.

"ஐயோ அண்ணை, சாமியை ஐஸாக்கிப் போட்டீங்களே!" என்று அலறினான் ஞானச்செல்வம்.

அடியார் கண்ணீர் வடித்தார். விரல் மரத்தும் சொம்பை விடவில்லை. வெயில் ஏறிப் பனி உருகியபோது தோட்டம் முழுவதும் துளிர் கருகிக் கிடந்தது. முதற்கொடி ஒன்றுதான் பச்சையாய்ச் சிரித்தது. உறையும் நீரே துளிருக்குச் சூடு தருமென்று படித்தவர்கள் பிற்பாடு விளக்கினார்கள்.

கஸ்தோன் ஓடிவந்தார். முந்நூறாவது பாட்டிலுக்கு வேறு கதியில்லை. "இந்தக் கொடிப் பக்கம் எவனும் போகக்கூடாது! நீ மட்டும் ஊத்து, மசீ."

கொடி இரண்டு பாட்டில் தந்தது. ஒன்று நிலவறை வரிசைக்குப் போனது. மற்றதை மறு வருடம் முந்நூறாவது பாட்டில் விழாவில் திறந்து, "எல்லாம் பாட்டனாரின் ஆசி" என்றார் கஸ்தோன். ருசி அறிந்தவர்கள் வாயில் வைத்தார்கள், விட்டத்தைப் பார்த்தார்கள். செருப்பும் வரவில்லை, தோலும் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, மடக்கென்று விழுங்கிவிட்டார்கள்.

விழா முடிந்து ஜாடி அடியாரிடம் வந்தது. கவிழ்த்துப் பார்த்தார், ஈரமே இல்லை. கழுவ ஒன்றுமில்லாத கையால் குடத்தை எடுத்துக்கொண்டு கொடியிடம் நடந்தார்.

வெண்கலப் பாட்டனார் இன்று கார் நிறுத்துமிடத்தில் புறாக்களை வரவேற்கிறார். வம்ச வரலாற்றில் ஒரு வரியும் பெறாத மாசிலாமணியாரின் ஈரக் கைகள் வாழ்க.