பீப்பாயில் ஒரு கூடை மண்

கம்பம் பக்கம் கூழாம்பட்டி என்று ஓர் ஊர். அங்கே திராட்சைக்குக் குறைவில்லை, மூளைக்குத்தான் தட்டுப்பாடு. கொடி தாங்காமல் காய்த்தும் வாங்க ஆள் வராததால், கொடிகளை வெட்டி எறிவதா என்று விவசாயிகள் சங்கத் தலைவர் ஒச்சப்பன் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒயின் கம்பெனிக்காரர் மெர்வின் வந்து, ஒரு பீப்பாய் ஒயின் போட்டு வைக்கும்படியும், ருசி பிடித்தால் அடுத்த காய்ப்பு முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அத்தோடு போயிருக்கலாம். மனுஷன் விளக்கம் வேறு கொடுத்தார். பிரான்சில் சாம்பேன் ஒயினுக்குச் சுண்ணாம்புப் பூமி பேர்போனதாம், போர்தோ ஒயினுக்குச் சரளைக்கல், ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை ஒயினுக்குச் சிலேட்டுப் பாறை.

"உங்க ஒயின்ல உங்க மண்ணு நாக்குல தெரியணும்" என்று சொல்லிவிட்டுக் காரேறினார்.

அன்றைக்கே சங்கம் கூடியது.

"எவ்வளவு மண்ணுன்னு சொல்லாமப் போயிட்டாரே" என்று கவலைப்பட்டான் சீலமுத்து.

ஒரு கூடை என்று முடிவானது. ஆனால் வீருசின்னம்மாளுக்கு மனசு ஆறவில்லை. "பிரான்சுக்காரன் சுண்ணாம்பு போடுறான். நாம வெறும் மண்ணோட நின்னா நமக்குத்தானே கேவலம், தலைவரே?"

ஒச்சப்பன் மண்டையை ஆட்டினார். ஆட்டுவதற்கு மட்டுமே அவர் அதை வைத்திருந்தார். வெற்றிலைக் கடையிலிருந்து சுண்ணாம்பு வந்தது, ஆற்றிலிருந்து சரளை வந்தது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டுகளையும் உடைத்துப் போட்டார்கள். கடைசியில், முந்தின நாள் ஆட்டு எரு வைத்த தோட்டத்து மண்ணை ஒச்சப்பனே கூடை நிறைய அள்ளிக் கொட்டிக் கிளறினார்.

பீப்பாய் புளித்து முடிந்ததும் மெர்வின் வந்தார். ஒரு வாய் குடித்தார். துப்பினார். பிறகு ஒரு சிலேட்டுத் துண்டையும் துப்பினார்.

"இதையெல்லாம் மனுஷன் குடிப்பானா? மண்ணுலதான்யா கொட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

கொடிகளைப் பார்த்து ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பெரிய மனுஷர் வாய் திறந்து ஒரு வேலை சொல்லியிருக்கிறார், அதைச் செய்யாமல் விடலாமா? பீப்பாயைத் தோட்டத்தில் கவிழ்த்தார்கள். சீலமுத்து ஈர மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். முகம் மலர்ந்தது.

"தலைவரே, நாமதான் மாத்திப் பண்ணிட்டோம். ஒயின்ல மண்ணைப் போட்டா ஒட்டல. மண்ணுல ஒயினை ஊத்தினா ருசி அப்படியே பிடிச்சிருக்கு."

மறுநாள் கழுத்துவரை மண் நிரப்பி மூடிய பாட்டில்களோடு ஒரு லாரி பெங்களூருக்குக் கிளம்பியது. ஒச்சப்பன் பின்னாலேயே ஓடிப்போய் டிரைவரை நிறுத்தினார்.

"மெதுவாப் போப்பா. குலுங்கினா கலங்கிடும்."