இடக்கைச் சம்மனசு

"எல்லாம் போச்சு டீச்சர்" என்றார் தொம்மை.

செலஸ்தீனா டீச்சர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

யுத்தகாலம். துறைமுகத்தில் ஏற்கெனவே ஒரு குண்டு விழுந்துவிட்டது. அடுத்தது இந்தக் கடற்கரைச் சிறுகோயில்தான் என்று ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. கோயில் விதானம் முழுக்க இருநூறு வருஷத்துச் சம்மனசுகள், சிறகு விரித்த வானதூதர்கள். இடிந்தாலும் தாளிலாவது இருக்கட்டும் என்று இரண்டு பேர் வரைய வந்திருந்தார்கள். பீடத்துப் பக்கம் டீச்சர், வாசல் பக்கம் தொம்மை.

டீச்சருக்கு முப்பது வயது. கடைப்பலகை எழுதி வந்த தொம்மைக்கு ஐம்பது. நீர்வண்ணம் அவர் டீச்சரிடம்தான் கற்றார்.

"என்ன போச்சு அண்ணாச்சி?"

"ஒன்பது நாள் வேலை. மணியடிக்கிற கோயில்பிள்ளை பாத்துட்டுச் சிரிக்கான். எக்காளம் ஊதுற சம்மனசு இடக்கைக்காரராம், ஊருக்கே தெரியுமாம். நான் வலக்கையில குடுத்திருக்கேன். எல்லாமே இடவலம் மாறிக் கிடக்கு."

"எப்படி மாறும்?"

தொம்மை கீழே கிடந்த துணியை விலக்கினார். நிலைக்கண்ணாடி ஒன்று மல்லாந்து கிடந்தது. அதற்குள் விதானம்.

"இதைப் பாத்தா வரைஞ்சீங்க?"

"அண்ணாந்தா கழுத்து வலிக்கி."

"அதுக்குத்தானே பாய் போட்டுக் குடுத்தேன்."

வெளியே ஏதோ உறுமியது. தொம்மையின் தோள் காதுவரை ஏறியது. லாரிதான்.

"கழுத்தா அண்ணாச்சி?"

தொம்மை துணியை மடித்தார். பிறகு பிரித்தார்.

"பயம் டீச்சர். மேல பாத்தா குண்டு கூரையைப் பிச்சுக்கிட்டு வந்துரும்போல இருக்கு. கை ஓட மாட்டேங்குது."

"கண்ணாடியில பாத்தா, குண்டு கீழேயிருந்தா வரும்?"

தொம்மை சிரிக்கவில்லை.

"இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

டீச்சர் தன் தாளை எடுத்து வந்து நீட்டினார். சிறகின் ஓரக்கோடு நெடுக நடுங்கியிருந்தது. இரண்டு இடத்தில் வண்ணம் சிந்தியிருந்தது.

தொம்மை பீடத்துப் பக்கம் அண்ணாந்தார். தாளைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார். விதானத்தில் இருந்த இடத்திலேயே தாளிலும் ஒவ்வொன்றும் இருந்தது.

கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தார். பாயில் மல்லாந்தார். பலகையில் புதுத் தாள்.

"நேரம் இருக்குமா டீச்சர்?"

டீச்சர் அவர் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தார்.

"அந்த இடக்கையிலேருந்து ஆரம்பிங்க."