எட்டு பிராசசரும் ஒரு கையெழுத்தும்

விமானப் பயிற்சிப் பள்ளி முதல்வர் கோதண்டபாணி திரையில் விமானம் ஓட்டிப் பழக, எட்டு பிராசசர், அதாவது எட்டு மூளை, கொண்ட கணினி வாங்கினார். வாய்ப்பாடு தெரிந்தவர், எட்டு மடங்கு வேகத்தை எதிர்பார்த்தார். திரையில் விமானமோ முன்போலவே திக்கித் திக்கிப் பறந்தது.

"இன்னிக்கே சரியாகணும். இல்லேன்னா உனக்கு வேலை போச்சு!" என்று பள்ளியின் உரிமையாளர் அம்மாள் எதிரிலேயே டெக்னீசியன் நீலவேணியிடம் சீறினார்.

"சார், நான் ஒரு மவுஸ் கேட்டப்போ, ஆபீஸில் எட்டுப் பேர் இருந்தும் ஏன் இருபது நாளாச்சு?"

"என் கையெழுத்து இல்லாம இங்கே துரும்பும் அசையாது!" முதல்வர் மீசையைத் தடவினார்.

"உள்ளேயும் அப்படித்தான் சார். இந்தப் பழைய மென்பொருள் எல்லா வேலையையும் ஒரே பிராசசர்கிட்ட கொடுக்குது. மத்த ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கு."

உரிமையாளர் வாய்விட்டுச் சிரித்தார். "புது மென்பொருள் வாங்கிடும்மா. அதுக்கு முதல்வர் கையெழுத்து வேண்டாம். அவரும் கொஞ்சம் சும்மா உட்காரட்டும்."