கீறல் விழுந்த உப்புக்குழாய்

"இருபது வருஷம் வீணாப் போச்சு, பிலோ. கை மழுங்கிப் போச்சு."

கதிரேசன் தகட்டை மேசையில் போட்டார். அதன்மேல் படிந்திருந்த தாமிரம் புளி போட்டுத் துலக்கிய செம்பு மாதிரி மின்னியது.

மின்னினால் தோல்வி. கரியமில வாயுவை எரிபொருளாக்கும் படலம் கறுப்பாக வர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோடி முட்கள் வெளிச்சத்தையே விழுங்க வேண்டும்.

கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. பிலோமினா விஞ்ஞானி ஆனாள். அப்பா படுத்த படுக்கையானதும் கதிரேசன் பாலிடெக்னிக்கில் குழாய் பொருத்தக் கற்றுக்கொடுக்கப் போனார். இப்போது அவளிடமே ஆராய்ச்சி மாணவர். நாலு பேர் முன்னால் மேடம், தனியே பிலோ.

"படிக்கிறப்ப, அந்த ஓட்டுக்கூரை ஆய்வகத்துல ஒரு தடவை கறுப்பா வந்துச்சே" என்றாள் பிலோமினா.

"மழை ஒழுகிச்சு. பீக்கருக்கு நான் குடை பிடிச்சேன்."

அந்த மழைக்காக அவர் மனம் ஏங்கியது. வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. கறுப்புப் படலத்தைக் காட்டாவிட்டால் அவர் ஆராய்ச்சிப் பதிவு ரத்தாகிவிடும்.

"இப்ப எல்லாமே புதுசு. அவ்வளவு சுத்தம். அப்புறமும் ஏன் கறுப்பா வரல?"

பிலோமினா இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் குழாயை எடுத்தாள். மின்னழுத்தம் பார்க்கக் கரைசலில் செருகும் உப்புக்குழாய். நுனியில் கீறல். வந்த முதல் நாளே கதிரேசன் குப்பையில் வீசியது.

"ஐயோ, இதுல உப்பு கசியுமே! அன்னிக்கும் இதேதான் கசிஞ்சுது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அன்று கறுப்பு வந்தது அந்தக் கசிவால்தானா?

அவள் அதைக் கரைசலில் செருகி, ஒரு தகட்டில் மின்சாரம் பாய்ச்சினாள். உப்பு மளமளவென்று இறங்கியது. படிந்த தாமிரம் பொடியாக உதிர்ந்தது.

"கீறல் பெருசாயிடுச்சு. ரொம்பக் கசியக் கூடாது, அடைச்சிடவும் கூடாது." வெள்ளை டேப்பை நீட்டினாள். "எனக்கு டேப் சுத்த வராது, கதிரேசா."

அவர் வாங்கினார். குழாய் மூட்டில் சுற்றும் அதே டேப். கட்டை விரல் தானாக நுனியை அழுத்திக்கொண்டது. ஒன்றரைச் சுற்று. "இழுத்துப் பிடி, அவசரப்படாதே" என்று வாய் முணுமுணுத்தது. இருபது வருஷமாகப் பையன்களிடம் சொன்னது.

புதுக் கரைசல். புதுத் தகடு. மின்சாரம் பாய்ந்தது.

ஓரம் மங்கியது. பிறகு நடு. ஐந்தே நிமிடம்.

வெளியே எடுத்தார். அடுப்புக்கரி போலக் கறுப்பு. அவர் கண் நிறைந்துவிட்டது.

பிலோமினா குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினாள்.

"இருபது வருஷம்னு என்னமோ சொன்னியே?"