என் பிள்ளைக்கு எத்தனை மடக்கு?

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் தெரு செல்வநாயகி அக்கா. என் இளையவள் எட்டாம் வகுப்பில் கிலோ, மெகா, கிகா என்று உருப்போட்டுக்கொண்டிருந்த கோடையில், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது சொன்னார். லாரி வரத் தாமதம், அதனால் கதை முழுசாகக் கிடைத்தது. கேளுங்கள் கண்ணுகளா.

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. அந்த வருடம் மழை இல்லை. ஓடையெல்லாம் மணலாகக் கிடந்தது. குட்டியின் மூக்கு காய்ந்து வெடித்துவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே முன்னங்கால் மடங்கிப் படுத்துவிடும்.

"சாமி, எனக்கு இல்லாவிட்டாலும் இதன் வாய்க்குக் கொஞ்சம் காட்டு" என்று மான் விடிந்ததும் வானத்தைப் பார்த்துச் சொல்லும். பிறகு குட்டியின் மூக்கை நக்கிக் கொடுக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் தேடிப் போகிறவர்கள், கண்ட தண்ணீரைத் தங்கள் அளவில் வந்து சொல்ல வேண்டும். மைனா துளிக்கணக்கில் சொல்லும். குரங்கு கைக்கணக்கில் சொல்லும். யானை தும்பிக்கைக்கணக்கில் சொல்லும்.

இந்த மைனா முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் கூடு கட்டியிருந்தது. வகுப்பில் காதில் விழுந்ததைக் காட்டுக்குக் கொண்டுவந்தது.

"ஆயிரம் என்றால் கிலோ. ஆயிரம் கிலோ சேர்ந்தால் மெகா, அதாவது பத்து லட்சம். ஆயிரம் மெகா ஒரு கிகா. ஆயிரம் கிகா ஒரு டெரா!"

காட்டுக்கே அது பிடித்துப்போயிற்று. "என் தலையில் டெரா பேன் இருக்கிறது, தெரியுமா?" என்று குரங்கு பெருமையடித்தது. போகப்போக, பின்னால் வரும் துளி, கை, தும்பிக்கை எல்லாவற்றையும் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். முன்னால் இருக்கும் சொல்லே போதுமான அளவு கம்பீரமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் மைனா மேற்கிலிருந்து பறந்து வந்தது.

"பாறைக் குழியில் தண்ணீர்! மெகா! முழுசாக ஒரு மெகா!"

அதே நேரம் கிழக்கிலிருந்து யானை வந்தது. கூச்ச சுபாவம் அதற்கு. தலையைக் குனிந்துகொண்டு, "மூங்கிலுக்குப் பின்னால் ஒரு மடு. ஒரு கிலோ தேறும்" என்றது.

"கிலோவா?" குரங்கு மரத்திலிருந்து விழாத குறையாகச் சிரித்தது. "இவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கிலோவோடு வந்திருக்கிறார் பாருங்கள்!"

யானையின் காது தொங்கிப்போயிற்று. "நான் அவ்வளவுதான் கண்டேன்" என்றது மெதுவாக.

எல்லோரும் மேற்கே ஓடத் தொடங்கினார்கள். புழுதி அடங்கியபோது மானும் குட்டியும் யானையும் மைனாவும்தான் மிச்சம்.

மான் குட்டியை எழுப்பி நிறுத்தியது. மேற்கோ கிழக்கோ, ஒரே ஒரு தடவைதான் அதனால் நடக்க முடியும். திரும்பி வந்து இன்னொரு பக்கம் போகத் தெம்பு கிடையாது.

"மைனா, கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன்" என்றது மான். "இவன் நடக்கிற நடைக்கு நாங்கள்தான் கடைசியில் போய்ச் சேருவோம். அப்போது என் பிள்ளைக்கு எத்தனை மடக்கு மிச்சம் இருக்கும்?"

"மெகா என்கிறேன், நீ மடக்குக் கணக்குக் கேட்கிறாயே!"

"மெகா சரி, தங்கச்சி. எதில் மெகா?"

"துளியில்தான். என் அலகுக்கு வேறென்ன அளவு?"

"அந்தக் குழி எத்தனை பெரிசு?"

மைனா சுற்றிலும் பார்த்தது. "இதோ, யானை அண்ணன் ஒரு காலை உள்ளே வைத்தால் சரியாக இருக்கும்."

சொல்லி முடித்ததும் அதன் அலகு திறந்தபடியே நின்றது.

மான் யானைப் பக்கம் திரும்பியது. "உங்கள் கிலோ எதில், அண்ணா?"

"தும்பிக்கையில், அம்மா. ஆயிரம் தும்பிக்கை. குறைவுதான், என்ன செய்ய..."

"குறைவா? அங்கே நீங்கள் இறங்கினால் எது வரைக்கும் நனையும்?"

"கரையோரத்தில் முட்டி வரைக்கும். நடுவில் வயிறு நனையும்."

மானுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாடா செல்லம், கிழக்கே போவோம்" என்றது.

"ஐயோ, எல்லாரையும் நானல்லவா அனுப்பிவிட்டேன்!" என்று கத்திக்கொண்டு மைனா மேற்கே பறந்தது. ஓடுகிறவர்களின் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி, "திரும்புங்கள், துளி மெகா, வெறும் துளி!" என்று கூவியது. குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குட்டி வழியில் படுத்துவிட்டது. யானை தும்பிக்கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கியபடி நடந்தது. மூங்கிலை விலக்கியதும் மடு தெரிந்தது. குட்டி முதலில் மூக்கை நனைத்தது. பிறகு ஒரு மடக்கு. பிறகு இன்னொன்று. வால் ஆட ஆரம்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் மான் தன் வாயைத் தண்ணீரில் வைத்தது.

யானை கரையேறி நின்று, காடே கேட்கும்படி பிளிறியது.

மேற்கே முந்திப் போன நாலைந்து பேர் குடித்ததும் குழி காய்ந்துவிட்டது. மற்றவர்கள் ஈரப் பாறையை நக்கிக்கொண்டு நின்றார்கள். பிளிறல் கேட்டதும் தள்ளாடித் தள்ளாடிக் கிழக்கே வந்து சேர்ந்தார்கள். குரங்கு யானையின் முகத்தைப் பார்க்கவில்லை. யானையோ, "கால் வழுக்கும், பார்த்து இறங்கு" என்று மட்டும் சொன்னது.

எல்லோருக்கும் கடைசியாக மைனா வந்தது. கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய், தூரத்து முள்செடியில் ஒடுங்கி உட்கார்ந்தது.

"வா மைனா" என்று மான் கூப்பிட்டது. குட்டி நகர்ந்து இடம் விட்டது.

"உனக்கு எவ்வளவு வேண்டுமாம்? மெகாவா, கிகாவா?" என்றது குரங்கு.

"நாலு" என்றது மைனா. சட்டென்று நிறுத்தி, "நாலு துளி" என்று திருத்திச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் அலகை வைத்தது.

நீதி: எண் எத்தனை பெரிது என்று மலைக்கும் முன், எதை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் உங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிடுங்கள், கண்ணுகளா.