கடைத்தெரு செவுத்துல அப்பா

பொன்னுலிங்கம் அண்ணாச்சி ரிட்டயர் ஆன கையோட படம் வரையக் கத்துக்கப் போனவரு. சொல்லிக்கொடுத்த பேச்சித்தாய்க்கு அவரு மக வயசுதான். ஆனாலும் அவருக்கு அவங்க டீச்சர். டீச்சருக்கு அவரு அண்ணாச்சி.

ஒரு காலத்துல, சாதியச் சொல்லி, அண்ணாச்சி தெரு ஆளுங்க கடைத்தெருவுல செருப்பு போட்டு நடக்கக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. கழட்டிக் கக்கத்துல இடுக்கிட்டுத்தான் போகணும். அத மீறிக் கொஞ்சப் பேரு செருப்போட நடந்தாங்க. மண்டை உடைஞ்சுது, ஜெயிலுக்குப் போனாங்க, வெளிய வந்து மறுபடியும் நடந்தாங்க. அண்ணாச்சியோட அப்பாவும் அதுல ஒருத்தரு. இப்ப அதே கடைத்தெருவோட நீளச் செவுத்துல அவங்க எல்லாரையும் தெருவே சேர்ந்து வரைஞ்சு முடிச்சிருந்துச்சு. அப்பா படம் மட்டும் முழுக்க அண்ணாச்சி கைவேலை.

திறப்பு விழா. அப்பாவுக்கு ஒரு கொறையும் வந்துடக் கூடாதுன்னு அண்ணாச்சிக்கு ஒரே பதட்டம். செவுத்துக்கு முன்னால தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, கயிறு கட்டி, அட்டையும் தொங்க விட்டாரு. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்.

வந்த சனம் மறுபேச்சு இல்லாம கழட்டிக் குவிச்சுது. உண்டியல் எங்க அண்ணாச்சின்னு கேலி வேற. அவருக்கு உச்சி குளுந்துபோச்சு.

அப்பதான் மாசானம் தாத்தா வந்தாரு. அன்னிக்கு நடந்தவங்கள்ல இப்ப மிச்சம் அவரு ஒருத்தருதான். விழாவுக்குன்னே புதுச் செருப்பு. அட்டையப் பாத்தாரு. குனிஞ்சு கழட்டினாரு. குவியல்ல போடல. கை அதுவா கக்கத்துக்குப் போச்சு.

அண்ணாச்சி தான் தொங்க விட்ட அட்டையப் பாத்தாரு, தாத்தாவோட கக்கத்தப் பாத்தாரு.

டீச்சர் நேரா போயி அந்தச் செருப்ப வாங்கி, அவரு காலுக்குக் கீழ வச்சாங்க.

"போட்டுக்கிடுங்க தாத்தா."

போட்டுக்கிட்டாரு. அண்ணாச்சியே ஓடிப்போயி கயித்த அறுத்தாரு. தாத்தா முன்னால நடக்க, "எலே, அது என் செருப்புலே"ன்னு இழுபறியோட மொத்தச் சனமும் மாட்டிக்கிட்டுப் பின்னாலயே கெளம்பிச்சு. கோலம் போன எடம் தெரியல. பறை அதிருது, விசிலு பறக்குது, தெரு முழுக்கச் செருப்புச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல அண்ணாச்சி அப்பா படத்தப் பாத்தாரு. சாமி படத்துக்கு வரையற மாதிரி, பக்தியோட, வெறுங்கால் வரைஞ்சு வச்சிருந்தாரு.

"தப்பு பண்ணிட்டேன் டீச்சர். அப்பாவுக்கு நான் இனி என்ன மரியாதை செய்ய?"

டீச்சர் ஓரமா இருந்த கருப்பு பெயிண்டுல பிரஷ்ஷத் தோச்சு அவரு கையில குடுத்தாங்க.

"செருப்பு போட்டு விடுங்க அண்ணாச்சி."